பருப்பு வேகாத தண்ணீர்: பெங்களூர்க் குழாய் நீரின் வரலாறு

வெளியூரில் குடியேறும் தமிழ்க் குடும்பம் அவ்வூரின் மொழியைக் கற்பதற்கு முன்பே அதன் தண்ணீரை அறிந்துகொள்கிறது. துவரம்பருப்பு நெடுநேரம் கொதித்தும் குழையவில்லையென்றால் முதலில் மளிகைக் கடைக்காரரைக் குறை கூறுகிறோம். பிறகு அடுப்பைக் குறை கூறுகிறோம். குற்றம் பெரும்பாலும் தண்ணீரின்மீதே இருக்கும். பெங்களூரில் வாழும் நம்மவர்களுக்கு இவ்வநுபவம் புதிதன்று. அந்நகரில் காவேரித் தண்ணீர் வரும் தெருவென்றும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் தெருவென்றும் வீடு தேடுவோர் பிரித்துக் கேட்பதுண்டு. இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதை இங்கே ஆராய்வோம்.

மழை நீர் இயல்பில் மென்மையானது. அது மண்ணினூடே இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று, பாறையிலுள்ள சுண்ணச் சத்தையும் மக்னீசியச் சத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. இவை மிகுந்த நீரையே கடின நீர் என்கிறோம். பெங்களூரின் நிலத்தடியில் இருப்பது கருங்கல்லும் அதைச் சார்ந்த பழம்பாறையும். அப்பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிய நீர்தான் ஆழ்துளைக் கிணறுகளில் கிடைக்கிறது.

ஆனால் அந்நகரின் பழைய நீர் பாறை நீரன்று. கடல்மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், அருகில் வற்றாத ஆறு இல்லாத இடத்தில் அமைந்த ஊர் அது. ஆகவே கெம்பே கௌடர் 16-ஆம் நூற்றாண்டில் நகரை நிறுவிய காலந்தொட்டு, மழையைத் தேக்கிய ஏரிகளையே மக்கள் நம்பியிருந்தனர். 1809-இல் ஆங்கிலேயர் தண்டு அமைத்தபின் தமிழர் பலர் குடியேறிய அல்சூரின் ஏரியும் அத்தகையதே. 1882-இல் சாங்கி ஏரி கட்டப்பெற்றது. 1894-இல் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்வழி நீர் கொணரும் திட்டம் உருவாயிற்று. 1933-இல் திப்பகொண்டனஹள்ளியில் சாமராஜ சாகரம் எழுந்தது. இவை யாவும் மழையால் நிறைந்த நீர்நிலைகள். பாறைக்குள் நெடுநாள் உறையாத நீர்.

நகரம் பெருகியபோது இவை போதவில்லை. 1974-இல் காவேரியின் முதற்கட்ட நீர் வந்து சேர்ந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று நிலைகளில் இறைத்தேற்றப்படும் நீர் அது. மேலும் பல கட்டங்கள் தொடர்ந்தன. ஆயினும் வீடுகள் குழாயைவிட விரைந்து பரவின. 2007-இல் நகரின் எல்லை விரிந்து 110 கிராமங்கள் அதனுள் அடங்கியபோது, அங்கே குடியேறியோருக்குப் பெரிதும் துணை நின்றவை ஆழ்துளைக் கிணறுகளும் லாரித் தண்ணீருமே. இவ்வாறு ஏரி நீரில் வளர்ந்த நகரம் தன் புறநகரில் பாறை நீருக்கு மாறிற்று. 2024 கோடையில் அக்கிணறுகள் பலவும் வற்றின. அவ்வாண்டு அக்டோபரில் அந்த 110 கிராமங்களுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் ஐந்தாம் கட்டம் தொடங்கப்பெற்றது.

இம்மாற்றத்தின் சுமையை மிகுதியும் தாங்கியவர்கள் இல்லத்தரசிகளே. சோப்பு நுரைக்காமல் திரிந்து வாளியின் ஓரத்தில் அழுக்குத் திரையாக ஒட்டும், வெள்ளை வேட்டி பழுப்பேறும், தலைமுடி பிசுபிசுக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பொருக்காகப் படியும். அதனால் மின்சாரமும் எரிவாயுவும் வீணாகும். பருப்பின் திசுக்களிலுள்ள பெக்டினுடன் சுண்ணச் சத்து சேர்ந்து இறுகுவதால் பருப்பு குழைய மறுக்கும்.

பரிகாரம் என்ன? படிகாரம் கலங்கலைத் தெளிவிக்குமேயன்றிக் கடினத்தை நீக்காது. கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்த நீரை வடித்தெடுத்தால் கடினத்தின் ஒரு பகுதி நீங்கும். பருப்பு வேக அதுவே உதவும். ஆப்பசோடா இட்டாலும் வேகும். ஆனால் பி1 உயிர்ச்சத்து குறையும். துணிக்குச் சலவைச் சோடா நன்று. தலைக்குச் சீயக்காய் நன்று. சோப்பைப்போல் அது திரிவதில்லை. கடின நீர் என்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை; சுண்ணமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தைத் தக்கதென்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை ஏற்கலாமென்றும் கூறுகிறது. எனினும் கிணற்று நீரில் வேறு கலப்புகள் இருக்கக்கூடுமாதலால் பரிசோதித்துக்கொள்வது அறிவுடைமை.

எல்லாவற்றினும் மென்மையான நீர் நம் மொட்டைமாடியில் விழும் மழையே. மழைநீர் சேகரிப்பை 2009-இல் அந்நகரில் சட்டமே வேண்டிற்று. பழைய ஏரிகள் ஊருக்குச் செய்ததை ஒவ்வொரு வீடும் தனக்குச் செய்துகொள்ளும் வழி இது.

காவேரி நீர்ப் பங்கீடு குறித்து 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பெங்களூரின் குடிநீருக்கும் வீட்டுத் தேவைக்குமென 4.75 டி.எம்.சி. நீரைக் கர்நாடகத்துக்குக் கூடுதலாக ஒதுக்கிற்று. தஞ்சை வயலுக்குச் செல்லும் அதே ஆற்றில்தான் பெங்களூரில் நம்மவர் வீட்டுப் பருப்பும் வேகிறது. ஆற்றின் கீழ்க்கரையில் உறவினரையும் மேல்நாட்டில் குடியிருப்பையும் உடைய நமக்கு, அந்நீரில் ஒரு குடமும் வீணாகாமல் காக்கும் கடமை பிறரைவிட அதிகம். மழைக்காலம் வருமுன் மாடியைத் துப்புரவு செய்து ஒரு தொட்டியை ஆயத்தம் செய்துவைப்போமாக.