மண்ணுக்குள் கிடப்பது யாருடையது?

பாலாறு வறண்டு கிடந்த ஒரு மாலைப் பொழுதில், உலோகங்காட்டும் கருவியோடு மணலைத் துழாவிக்கொண்டிருந்த இளைஞர் இருவரைக் கண்டோம். துருவேறிய ஆணிகள், ஒரு மாட்டு லாடம், செல்லாத பத்துக் காசு ஒன்று ஆகியவையே அன்றைய தேட்டம். "சும்மா பொழுதுபோக்குதான் சாமி" என்றனர். கிழிந்த பட்டுச் சேலையின் சரிகையையும் எரித்து வெள்ளி பிரித்தெடுக்கும் காஞ்சியில் உலோகம் தேடுவது புதுமையன்று. ஆயினும் மண்ணுக்குள் கிடப்பது யாருடையது என்னும் வினா நம்மை விடவில்லை.

வினா மிகப் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசர் ஹாட்ரியன், பிறர் நிலத்தில் புதையல் கண்டவருக்குப் பாதி, நிலத்துக்குரியவருக்குப் பாதி என விதித்தார். ஆனால் தற்செயலாகக் கண்டிருக்க வேண்டும்; தேடித் தோண்டியவருக்கு அந்தச் சலுகை இல்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ், களவைப் பற்றி ஆராயுமிடத்தில் இதைத் தொடுகிறார். நற்செய்தி உவமையில் புதையலைக் கண்டவன் அந்நிலத்தை ஏன் வாங்கினான்? முழுவதற்கும் உரிமை பெறவே என்பது அவர் விடை. விற்றவனிடம் சொல்லாமல் வாங்கியது நேர்மையா என்று குருமடத்தில் நாம் கேட்டதுண்டு. பேராசிரியர் புன்னகைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்!

நம் நாட்டுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உரியவர் எவருமில்லை என்று தீர்ந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கு. மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. பாலாற்று இளைஞர்கள் இதைக் கேள்விப்பட்டதேயில்லை.

1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் சிற்றூரில் நிகழ்ந்தது வேறு. விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியோடு சென்ற எரிக் லாஸ் என்பவருக்கு உரோமைக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் தட்டுப்பட்டன. அவர் முழுவதையும் தோண்டாமல் நிறுத்தி, காவல்துறைக்குத் தெரிவித்தார். தொல்லியலார் வந்து அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகள் கிடைத்தன. அவற்றினும் அரியது, எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்னும் செய்தி. அவர் நிறுத்தியிராவிட்டால் அது அழிந்திருக்கும். சுத்தியலும் அகப்பட்டது, அதுவும் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு உரியது.

நமக்கு அண்மையிலோ, குடவோலைக் கல்வெட்டால் புகழ்பெற்ற உத்திரமேரூரில், 2020 டிசம்பரில் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது கருவறை முன்னிருந்த படிக்கற்களை அகற்றுகையில் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொன் வெளிப்பட்டது. வருவாய்த்துறையினர் ஒப்படைக்கக் கோரினர். ஊரார் முதலில் மறுத்தனர். திருப்பணி முடிந்ததும் பொன்னை அதே இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். முடிவில் அது அரசுக் கருவூலத்துக்குச் சென்றது.

சட்டம் தன் கடமையைச் செய்தது, குறை சொல்வதற்கில்லை. எனினும் ஊரார் பேச்சில் பொருள் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. கருவறை வாயிலில் வைத்த பொன் எவரோ தொலைத்ததன்று, மனமறிந்து கொடுத்தது. அதைச் சொல்வது பொன்னின் எடையன்று, அது கிடந்த இடம்.

மறுமுறை அவ்விளைஞர்களைக் கண்டபோது, அந்த லாடத்தை எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று வினவினோம். ஒருவர் மேற்கே கைகாட்டினார். மற்றவர் பாலத்தடியில் என்றார்.