கடிதங்களில் எழுந்த சிற்பநூல்

நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை எந்தக் கல்லூரியின் பெயரால் வழங்குகிறது என்று கேட்டால் பலரும் தயங்குவர். எல்லிஸ் முதலியோர் முயற்சியால் 1812இல் நிறுவப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியே அது. அங்கு ஆங்கிலம் பயிற்றிய தஞ்சைக்காரர் ராம்ராஸ், பின்னர்ப் பெங்களூரில் நீதிபதியானார். சென்னையில் பணிபுரிந்து லண்டன் திரும்பிய ரிச்சர்டு கிளார்க்குக்கு அவர் 1820களின் பிற்பகுதியில் எழுதிய மடல்கள், நம் கட்டடக்கலை வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கவை. 1834இல் ராயல் ஆசியக் கழகம் 48 படங்களுடன் வெளியிட்ட அவரது நூலின் பின்னணியை அவற்றிலேயே காண்கிறோம். அச்சான நூலைக் காண ஆசிரியர் உயிருடன் இல்லை.

நம் கோயில்களை வரம்பற்ற அலங்காரக் குவியல் என்று மேலைநாட்டார் பலர் கருதிய காலம் அது. மானசாரம், மயமதம், காசியபம் ஆகிய ஏடுகளைக் கொண்டு அதற்கு இலக்கணம் உண்டெனக் காட்ட முனைந்தார் ராம்ராஸ். ஆனால் ஏடு பிடிபடவில்லை. பண்டிதர்க்கு வடமொழி தெரியும். ஜகதி எது, குமுதம் எது என்று கல்லில் தொட்டுக்காட்டத் தெரியாது. உளி பிடித்தவர்க்கோ அவை கைப்பழக்கம். தஞ்சைச் சிற்பி ஒருவரின் துணையால்தான் முடிச்சுகள் அவிழ்ந்தன என்று கிளார்க்குக்கு அவரே எழுதுகிறார். அம்மடலில் அச்சிற்பிக்குப் பெயர் இல்லை. குலமும் ஊருமே உள்ளன.

தூணின் பருமனை அலகாகக் கொண்டு அதன் உயரத்தைக் கணிக்கும் நம் முறையைக் கிரேக்க, உரோமானிய முறைகளோடு அவர் ஒப்பிட்டார். மேலை அளவுகோல் எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அன்றைய லண்டன் படிப்பாளிக்கு வேறு மொழி விளங்கியிராது என்பதே என் எண்ணம்.

எனினும் ஆட்சியாளரின் சுவை வேறு திசையில் சென்றது. 1870இல் ஆளுநர் நேப்பியர், அரசுக் கட்டடங்களுக்கு இஸ்லாமிய மரபைப் பரிந்துரைத்து உரையாற்றினார். சேப்பாக்கத்தில் சிசம் எழுப்பிய பல்கலைக்கழகச் செனட் மாளிகை 1879இல் நிறைவுற்றது. அதன் குவிமாடங்கள் அந்தச் சுவைக்குச் சான்று.

சிற்பியரோ தம் வழியே சென்றனர். மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் 1906இல் எழுந்தது. அதன் அடியில் நின்று அதிஷ்டானம், அரைத்தூண், பிரஸ்தரம் என்று கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டே போகலாம். கட்டியோர்க்கு லண்டன் நூல் தேவைப்பட்டிராது.

அதே நுங்கம்பாக்கத்தில் 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தில், திருவாரூர்த் தேரை ஒத்த 39 மீட்டர் உயரக் கல்தேர் நிற்கிறது. அதை உருவாக்கிய சிற்பியைக் கணபதி ஸ்தபதி என்று பெயர் சொல்லியே நகரம் அறியும்.