சீக்வல் புரோ

சீக்வல் புரோ, மேக் கணினியிலிருந்து மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களைக் கையாள உதவிய கட்டற்ற வரைகலை மென்பொருள். கோகோமைஎஸ்கியூஎல் என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்தது. அடுக்கிவைத்த பான்கேக் இதன் சின்னம். கட்டளை தட்டத் தேவையின்றி, அட்டவணையைத் திறந்து கட்டத்துக்குள்ளேயே மதிப்பைத் திருத்த முடிந்ததால் வலைத்தள நிரலாளர்களிடையே பரவியது. இதன் கடைசி நிலையான பதிப்பான 1.1.2 வெளியானது 2016இல்.

சிக்கல் 2018 ஏப்ரலில் வந்தது. மைஎஸ்கியூஎல் 8.0, கடவுச்சொல் சரிபார்க்கும் இயல்பு முறையை மாற்றியது. ஷா-1 அடிப்படையிலான பழைய ‘நேட்டிவ் பாஸ்வேர்ட்’ போய், ஷா-256ஐப் பயன்படுத்தும் ‘கேச்சிங் ஷா2’ வந்தது. 5.7இலிருந்து 8க்கு மாறிப் புதுக் கணக்கு தொடங்கியவர்கள் சீக்வல் புரோவைத் திறந்தால், கேச்சிங் ஷா2 செருகுநிரலை ஏற்ற முடியவில்லை என்ற பிழைச்செய்திதான் கிடைத்தது. கடவுச்சொல்லும் சரி, சர்வரும் ஓடுகிறது. கருவிக்குள் பொதிந்திருந்த இணைப்பு நூலகத்துக்குத்தான் புது முறை தெரியவில்லை. பலர் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்து நேரத்தைத் தொலைத்தது இதனால்தான். மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி தரவுத்தளம் அந்த மாற்றத்தைப் பின்பற்றாததால் அதன் பயனர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

‘ஆல்டர் யூசர்’ கட்டளையால் கணக்கைப் பழைய முறைக்கே திருப்புவது உடனடி வைத்தியமாக இருந்தது. கருவி பழையது என்பதற்காக சர்வரின் பாதுகாப்பைப் பின்னுக்கு இழுப்பது நல்ல பேரமல்ல. அதற்கும் ஆயுள் குறைவு: 2024இல் வந்த 8.4 பதிப்பு பழைய முறையை இயல்பாக முடக்கியது. அதே ஆண்டு 9.0 அதை சர்வரிலிருந்தே நீக்கியது.

ஆகவே கருவியை மாற்றுவதே தீர்வு. சீக்வல் புரோவின் நேரடி வாரிசு சீக்வல் ஏஸ். 2020இல் இதே மூல நிரலிலிருந்து பிரிந்த இது, ஆப் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. திரை அமைப்பும் ஏறக்குறைய பழையதே என்பதால் கைப்பழக்கம் கெடாது. மைஎஸ்கியூஎல்லின் உரிமையாளரான ஆரக்கிளின் சொந்தக் கருவி மைஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்ச். அட்டவணைகளின் உறவை வரைபடமாக்க ஏற்றது, அன்றாடத் திருத்தங்களுக்குக் கொஞ்சம் கனம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுவது ஜாவாவில் எழுதப்பட்ட டிபீவர்.

டிபீவரிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் ‘பப்ளிக் கீ ரிட்ரீவல்’ அனுமதிக்கப்படவில்லை என்று அது மறுக்கலாம். கேச்சிங் ஷா2 முறையில் முதல் நுழைவுக்குப் பாதுகாப்பான இணைப்போ சர்வரின் பொதுச்சாவியோ வேண்டும். பிறகு சர்வர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் குறிப்பே போதும். சர்வரை நிறுத்தித் தொடங்கினால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். நேற்று மாலை வரை ஒழுங்காக இணைந்த கருவி, எதையும் தொடாமலே இன்று காலை மறுப்பது இப்படித்தான். இயக்கி அமைப்புகளில் ‘அலவ் பப்ளிக் கீ ரிட்ரீவல்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால் இணைந்துவிடும். சொந்தக் கணினியில் ஓடும் சர்வருக்கு இது போதும், வெளியே இருக்கும் சர்வருக்கு மறைகுறியாக்கத்தை இயக்குவதே முறை.