கண்ணாடியிழைக் கருவிப் பலகை (படகு)

கண்ணாடியிழைக் கருவிப் பலகை என்பது திசைகாட்டி, புவியிடங்காட்டி (ஜிபிஎஸ்), எதிரொலி ஆழமானி, கம்பியில்லாக் கருவி, எந்திர அளவிகள், மின் சொடுக்கிகள் ஆகியவற்றைப் படகோட்டியின் முன்னே தாங்கி நிற்குமாறு, கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு அச்சில் வார்க்கப்படும் பலகை ஆகும். மகிழுந்தில் உள்ளதைப் போலவே இதுவும் பேச்சு வழக்கில் டேஷ்போர்டு எனப்படுகிறது. பழைய படகுகளில் இடமும் வளைவும் கருவிகளின் அளவும் படகுக்குப் படகு வேறுபடும். ஆதலால் ஆயத்தமாகக் கிடைக்கும் பலகை பெரும்பாலும் பொருந்துவதில்லை. அந்தப் படகுக்கென்றே அச்சு செய்து வார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னணி

கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்கும் தொழில்நுட்பம் 1930களில் அமெரிக்காவில் வளர்ந்தது. பாலியெஸ்டர் பிசினோடு அதைச் சேர்த்து ரே கிரீன் என்பவர் 1942இல் ஒகையோ மாநிலத்தில் ஒரு சிறு படகைக் கட்டினார். தமிழர் வாழும் கரைகளில் இதை முன்னதாகக் கண்டவற்றுள் யாழ்ப்பாணக் கரையும் ஒன்று. நார்வே நாட்டு உதவியோடு இயங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது.

தமிழகத்தில் கட்டுமரத்திற்கு மாற்றாகப் பல முயற்சிகள் நடந்தன. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியேர் ஜிலே முதலானோர் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினர். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, அலையடிக்கும் கரையில் ஏற்றி இறக்கத்தக்க கண்ணாடியிழைப் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. எனினும் கரையின் தோற்றத்தையே மாற்றியது 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை தான். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான கட்டுமரங்களும் வள்ளங்களும் அழிந்தன. அவற்றுக்கு மாற்றாக வழங்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி 'பைபர் படகு'. தேவை ஒரே நேரத்தில் பெருகியதால் புதிய பட்டறைகள் பல தோன்றின. அவற்றின் வேலைத்தரம் ஒரே சீராக இல்லை என்ற குறை அப்போதே எழுந்தது. இன்று 'பழைய படகு' என்று பழுது பார்க்க வருபவற்றில் அக்காலத்தில் கட்டப்பட்டவையும் உண்டு.

தேவை

கட்டுமரத்தில் கருவி என்று ஏதும் இல்லை. விண்மீனும் நீரோட்டமும் கரையில் தெரியும் மலையும் கோபுரமுமே வழி காட்டின. இன்று கண்காணா எல்லைக்கோடு ஒன்றும் கடலில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளால் வகுக்கப்பட்ட எல்லையைப் பாக்கு நீரிணையில் இரவு நேரத்தில் அறியப் புவியிடங்காட்டியை விட்டால் வேறு வழி இல்லை எனலாம். அது நனைந்து அணைந்துவிட்டால் விளைவு கைதாகவும் படகு பறிமுதலாகவும் முடியக்கூடும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டப் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. மீஉயர் அதிர்வெண் கம்பியில்லாக் கருவி நேர்க்கோட்டில் எட்டும் தொலைவுக்கே பயன்படும்; தாழ்வான படகிலிருந்து அது சில பத்துக் கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. 2024இல் நடுவண் அரசு ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. இவ்வாறு கருவிகள் பெருகிவிட்டன. அவற்றை நெகிழிப் பையில் சுற்றி வைப்பதும், சாப்பாட்டுப் பெட்டிக்குள் பத்திரப்படுத்துவதும் போதுமான ஏற்பாடு அல்ல.

பொருட்கள்

பட்டறைகளில் வழங்கும் பெயர்களிலேயே இவற்றைக் குறிப்பிடுவது நல்லது. துண்டிழைகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு 'மேட்' எனவும், முறுக்காத இழைகளை நெய்த துணி 'ரோவிங்' எனவும் அழைக்கப்படுகின்றன. கருவிப் பலகைக்குச் சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையுள்ள மேட் போதும். ரோவிங்கின் நெசவுக் கோடுகள் காலப்போக்கில் மேற்பரப்பில் தெரியும் என்பதால் முகப்புக்கு அருகில் அதை இடுவதில்லை. 'ஜெல்கோட்' என்பது நிறமூட்டிய கெட்டிப் பிசின்; வெயிலையும் நீரையும் தாங்கும் வெளித்தோல் இதுவே. 'ரெசின்' எனப்படும் பாலியெஸ்டர் பிசினில் ஆர்த்தோ, ஐசோ என இரு வகை உண்டு. ஐசோ விலை கூடியது. ஆயினும் நீரை நன்கு தாங்கும்.

பிசின் தானே இறுகாது. கோபால்ட் சேர்மத்தால் ஆன முடுக்கியும் (ஆக்சிலரேட்டர்), மெதில் எதில் கீட்டோன் பெராக்சைடு என்னும் வினைதொடக்கியும் (பட்டறையில் இது கேட்டலிஸ்ட்) வேண்டும். இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். முடுக்கியை முதலில் பிசினில் நன்கு கலக்கிய பின்னரே வினைதொடக்கியைச் சேர்க்க வேண்டும்.

மாதிரியும் அச்சும்

முதலில் கருவிகளை அட்டையில் வெட்டி வைத்து, படகில் நின்றும் அமர்ந்தும் பார்த்து இடம் குறிக்கப்படுகிறது. சுக்கானைப் பிடித்தபடி எட்டும் கை நீளமும், காலை மாலை வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசாத சாய்வும் இங்கேயே முடிவு செய்யப்பட வேண்டியவை. காந்தத் திசைகாட்டிக்கு அருகில் ஒலிபெருக்கியும் இரும்பும் இருத்தல் ஆகாது. ஒலிபெருக்கியின் காந்தம் ஊசியைப் பல பாகை திருப்பிவிடும்.

பின்னர் ஒட்டுப்பலகையில் மாதிரி செய்யப்படுகிறது. வளைவுகள் பட்டியால் நிரப்பப்பட்டு, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றப்படுகின்றன. தெர்மக்கோலைச் செதுக்கி மாதிரி செய்வது எளிது போலத் தோன்றும். ஆனால் பாலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் நுரையே இதற்கு ஏற்றது. மாதிரியின் பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் சில பாகைகளாவது சரிந்திருக்க வேண்டும். இல்லையெனில் வார்ப்பு அச்சைவிட்டுக் கழலாது.

மாதிரியின் மேல் மெழுகு பல முறை பூசி, அதன்மேல் கண்ணாடியிழை அடுக்கி அச்சு எடுக்கப்படுகிறது. அச்சு வார்ப்பைவிடத் தடிமனாக இருத்தல் வேண்டும். மாதிரியில் உள்ள ஒவ்வொரு கீறலும் அச்சிலும், அச்சிலிருந்து பலகையிலும் அப்படியே பதியும். எனவே வேலையின் பெரும்பகுதி நேரம் தேய்ப்பதிலேயே செல்கிறது. ஒரே ஒரு பலகை போதுமெனில் இத்தனை பாடு தேவையில்லை. சன்மைக்கா ஒட்டிய பலகைகளைப் பெட்டி போல் பூட்டி, மூலைகளை மெழுகால் உருட்டினால் அதுவே அச்சாகிவிடும். தட்டையான முகப்புள்ள பலகைக்கு இம்முறையே சிறந்தது.

வார்த்தல்

மெழுகு பூசிய அச்சில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு ஜெல்கோட் பூசப்படும். விரலால் தொட்டால் பிசுபிசுத்து, ஆனால் விரலில் ஒட்டாத நிலையில் முதல் மேட் இடப்படும். மிக முந்தினால் பிசின் ஜெல்கோட்டைச் சுருக்கிவிடும். பிசினைத் தூரிகையால் குத்தி ஊட்டி, உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். மூலைகளில் குமிழ் தங்கினால் பின்னாளில் அங்கு ஜெல்கோட் ஓடாகப் பெயரும்.

450 கிராம் மேட் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். மடிப்புகளையும் சேர்த்து 0.6 சதுர மீட்டர் பரப்புள்ள பலகைக்கு மூன்று அடுக்கு எனில் மேட் சுமார் 800 கிராமும், அதன் எடையைப்போல் இரண்டரை மடங்காகப் பிசின் 2 கிலோவும் வேண்டும். வினைதொடக்கி பிசின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. நம் ஊர் வெயிலில் கூடிய அளவு சேர்த்தால், பாதி வேலையில் பிசின் குவளையிலேயே சூடேறிப் புகைந்து இறுகிவிடும். அதற்கு அஞ்சி 1 விழுக்காட்டுக்குக் கீழே குறைப்பதும் தவறு. மேலே காய்ந்தது போலிருந்து உள்ளே முழுதும் இறுகாமலே நின்றுவிடும். அரைக் கிலோ வீதம் கலந்து, காலைப் பொழுதில் நிழலில் வேலை செய்வதே தக்க வழி. கண்ணளவாக ஊற்றும் பழக்கத்தால் கெட்ட வார்ப்புகள் ஏராளம். பளபளக்கும் முகப்பு இக்குறைகள் அனைத்தையும் மறைத்துவிடும் என்பதால் வாங்குபவர் பலகையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பது நலம். வெண்மையாகத் தெரியும் இடங்களில் இழை பிசினில் நனையவில்லை என்று பொருள்.

குறைந்தது ஒரு நாள் கழித்தே அச்சிலிருந்து கழற்ற வேண்டும். இறுகும்போது பிசின் சுருங்குவதால், முன்கூட்டிக் கழற்றிய பலகை முறுக்கிக் கொள்ளும். கருவிகளுக்கான துளைகள் அதன் பின்னரே அறுக்கப்படுகின்றன.

பழைய படகில் பொருத்துதல்

பழைய கண்ணாடியிழை மேல் புதிய பிசின் வேதிமுறையில் நன்கு பிணைவதில்லை. வண்ணத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, இழை தெரியும்வரை கரகரப்பாகத் தேய்த்தால்தான் பிடிக்கும். மரப்படகாயின் ஈரம் காய்ந்த மரத்தில் எப்பாக்சிப் பிசினே தக்கது. எப்படியாயினும் பலகையை ஒட்டி மூடிவிடுவதைவிட, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் கழற்றி மாட்டத்தக்கதாக வைப்பதே சிறந்தது. ஏனெனில் பழுதாவது பெரும்பாலும் பலகை அன்று. அதன் பின்னுள்ள கம்பிகள்தாம். உப்புக்காற்றில் செம்பு பச்சையாகிப் போகும்.

மகிழுந்து மின்பணியாளர்கள் உடல் தகட்டையே எதிர்முனையாகப் பயன்படுத்திப் பழகியவர்கள். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் இரு கம்பிகளும், தனித்தனி உருகியும் தேவை. மறுபுறம், கண்ணாடியிழை வானொலி அலைகளைத் தடுக்காது என்பதால் புவியிடங்காட்டியின் அலைவாங்கியைப் பலகைக்குக் கீழேயே வைக்கலாம். இரும்புக் கூண்டுக்குள் இது இயலாது. பலகையின் கீழ் விளிம்பில் நீர் வடிய ஒரு சிறு துளை விடப்பட வேண்டும்.

உடல்நலமும் கழிவும்

ஸ்டைரீன் ஆவி தலைவலியையும் மயக்கத்தையும் உண்டாக்கும். உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் பட்டியலில் உயர்நிலைக்கு மாற்றியது. வினைதொடக்கி ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம்; உடனே நீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். தேய்க்கும்போது எழும் தூசிக்குக் கைக்குட்டை கட்டுவது பயன் தராது. ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி முகமூடியும், தூசியைத் தடுக்கும் முகமூடியும் வெவ்வேறானவை என்பதும் பலர் அறியாதது.

ஒருமுறை இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது. மரம் மக்கும், இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும். உடைந்த பைபர் படகும் அதன் பலகையும் கரையிலேயே கிடக்கின்றன. எரித்தால் நச்சுப்புகையும் கண்ணாடித் துகளும் மிஞ்சும். மேலை நாடுகளில் இவற்றை அரைத்துச் சிமெந்து ஆலைகளில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுத்தும் முறை உண்டு.