சிப்பாய்க்கு என்ன விலை?

சென்ற வாரம் புதுச்சேரியின் துய்மா வீதியில் நின்றோம். கவர்னர் துய்மா உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, பிரெஞ்சு முறையில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது வரை பார்த்தோம். பாரசீகத்தின் ‘சிபாஹி’யிலிருந்து அவர்களுக்குப் பெயர் வந்தது: சிப்பாய். சதுரங்கப் பலகையின் முன்வரிசையில் நாம் நிறுத்துவதும் அவனைத்தான்.

பலகையில் அவன் விலை 1. குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. செஸ் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முதல் வாரமே இதை ஒப்பித்துவிடும். ராஜாவுக்கு விலையே இல்லை. அவரைக் கொடுத்து வாங்க என்ன இருக்கிறது? விலை போடும் பழக்கமும் பழையது. 9-ஆம் நூற்றாண்டின் அரபு ஆட்டக்காரர்கள் வெள்ளிக் காசில் கணக்கு வைத்தார்கள். மூலையில் நிற்கும் காய்க்கு ஒரு திர்ஹம், குதிரைக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. சிப்பாய்க்குச் சில்லறை.

நம் ஊர்ப் படைகளிலும் அதே கணக்குதான். குதிரைப்படைக்கு மதிப்பு, யானைக்குப் பெருமை, காலாளுக்குக் கூலி. 1746-இல் அடையாற்றங்கரையில் அது பொய்த்தது. புதுச்சேரியிலிருந்து வந்த பரதி என்ற பொறியாளரிடம் சுமார் 300 பிரெஞ்சுக்காரரும் 700 சிப்பாய்களும் இருந்தார்கள். எதிர்க்கரையில் நவாப் அன்வருத்தீனின் மகன் மாபூஸ்கான். அவர் படை ஏறத்தாழ 10,000 என்பார்கள். பரதியின் ஆட்கள் ஆற்றில் இறங்கி நடந்து, சுட்டுக்கொண்டே கரையேறினார்கள். நவாபின் படை சிதறி ஓடியது. தனியாக நிற்கும் காலாளைக் குதிரைவீரன் நொடியில் வெட்டிச் சாய்ப்பான். வரிசையில் நிற்பவனை நெருங்க முடியாது. இவன் மருந்து இடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் சுடுவான்.

மூன்றே ஆண்டுகளில், 1749-இல், ஏறக்குறைய இதையே சொல்லும் பிரெஞ்சு நூல் ஒன்று லண்டனில் அச்சானது. எழுதியவர் பிலிடோர், இசைக் குடும்பத்துப் பிள்ளை, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். அடையாற்றுச் செய்தி அவர் காதில் விழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பலகையை மட்டும் பார்த்து அவர் கண்டுகொண்டது இது: ஆட்டத்தின் உயிர் சிப்பாய்களிடம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று மூலைவிட்டமாகக் காவல் நிற்கும் சிப்பாய்ச் சங்கிலியை அவர் போற்றினார். மந்திரிக்கு முன் நிற்கும் சிப்பாயை நகர்த்தும் முன்பே குதிரையை அதற்கெதிரே கொண்டுவந்து வழியை அடைப்பதைக் கண்டித்தார். ‘1’ என்பது தனித்து நிற்கும் சிப்பாயின் விலை. கைகோத்து நிற்கும் மூன்று சிப்பாய்களுக்கு எதிரே ஒரு குதிரை திணறுவதை ஆடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அதே 1749, ஆகஸ்ட் 3, ஆம்பூர். நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குத் துணையாகப் புதுச்சேரிச் சிப்பாய்கள் மறுபடியும் வரிசைகட்டி நின்றார்கள். யானைமேல் இருந்த நவாப் அன்வருத்தீன் சுடப்பட்டு இறந்தார். அந்த உதவிக்கு ஈடாக வில்லியனூர்ப் பகுதி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

அடுத்த வாரம் வில்லியனூருக்குப் போவோம்.