ஹாமில்டன் லாட்ஜ் நடனவிழா

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஆண்டுதோறும் நடந்த மாறுவேட விழா. கறுப்பினத் தன்பாலீர்ப்பினரும் திருநரும் வெளிப்படையாகக் கூடிய பழைய பொது நிகழ்ச்சிகளுள் ஒன்று. ஆட் ஃபெல்லோஸ் என்னும் கறுப்பினச் சகோதரச் சங்கத்தின் 710ஆம் எண் கிளை இதை நடத்தியது. முதல் விழா 1869இல் நடந்ததாகக் கூறுவர். ஆண்கள் பெண்ணுடையில் வருவது அப்போதே தொடங்கியதா, பின்னர் வந்த வழக்கமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த அரை நூற்றாண்டுக்குக் கிடைப்பவை துணுக்குச் செய்திகளே.

1920களிலிருந்து சான்றுகள் பெருகுகின்றன. 155ஆம் தெருவிலிருந்த ராக்லண்ட் பேலஸ் மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். எண்ணிக்கை இதழுக்கு இதழ் மாறுகிறது. மாறுவேடத்தில் பொது இடத்தில் கூடுவதைத் தடுத்த பழைய மாநிலச் சட்டம், காவல்துறை அனுமதி பெற்ற விழாக்களுக்கு விலக்களித்தது. அந்த ஓர் இரவு, மண்டபத்துக்குள் மட்டும், பெண்ணுடை குற்றமாகவில்லை. ஹார்லெமின் செல்வர்களும் வெள்ளையரும் மேல்மாடத்தில் அமர்ந்து பார்த்தனர். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், ஹார்லெமின் செல்வச் சீமாட்டி ஏலீலியா வாக்கரின் விருந்தினராகச் சென்றதைத் தம் தன்வரலாற்றில் (1940) எழுதியுள்ளார். 'ஆம்ஸ்டர்டாம் நியூஸ்' போன்ற கறுப்பின இதழ்கள் யார் என்ன உடுத்திவந்தார், பரிசு யாருக்கு என்று ஆர்வத்தோடு எழுதின. கண்டித்து எழுதியவர்களும் ஆடைகளை வருணித்ததுண்டு. அந்த வரிகள் இல்லையேல் அந்த ஆடைகளில் பல நமக்குத் தெரியாமலே போயிருக்கும். பரிசுகள் வெள்ளையருக்கே போகின்றன என்ற மனக்குறையும் அவ்விதழ்களில் பதிவாகியுள்ளது.

மற்றொரு பெருஞ்சான்று, ஒழுக்கக்கேட்டை ஒழிக்க 1905இல் அமைந்து 1932வரை இயங்கிய பதினால்வர் குழுவின் உளவறிக்கைகள். ஹார்லெமின் இரவு விடுதிகளுக்கு ஆளனுப்பி, கேட்டதையும் கண்டதையும் எழுதிவைத்தது அக்குழு. வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சான்சி 1994இல் வெளியிட்ட நூலுக்கு இவை பெரிதும் உதவின. ஆடியவர்கள் தம் கைப்பட எழுதியவை மிக அரிது. ஆதலால் இவ்வறிக்கைகளை எழுதியவரின் நோக்கத்தை மறவாமல் படிக்க வேண்டும்.

1930களின் இறுதியில் விழாவில் கைதுகள் நிகழ்ந்தன. பின்னர் செய்திகள் அருகுகின்றன. ராக்லண்ட் பேலஸ் இடிக்கப்பட்டுவிட்டது. பிற்காலத்தில், 1967இல், பெண்ணுடைக் கலைஞர்களுக்கான ஓர் அழகிப் போட்டி முடிவை இனப்பாகுபாடு என்று மேடையருகே எதிர்த்த கறுப்பினக் கலைஞர் கிரிஸ்டல் லபேஜா, 1970களின் தொடக்கத்தில் தம் பெயரில் 'ஹவுஸ்' எனப்படும் ஒரு குழுவை நிறுவினார். இன்றைய 'பால்ரூம்' என்னும் ஆடை, நடனப் போட்டி மரபு அதிலிருந்து கிளைத்ததாகக் கொள்வர். பழைய விழாவோடு அதற்கு நேர்த் தொடர்ச்சி உண்டா என்பது விவாதத்துக்குரியது.

ஸ்டீவன் ஃபுல்வுட் 1999இல் தொடங்கிய கறுப்பினத் தன்பாலீர்ப்பினர் ஆவணத்தொகுப்பு, ஹார்லெமின் ஷாம்பர்க் ஆய்வு நடுவத்தில் உள்ளது. ஆடியவர்கள் எழுதியவை அரிதான அந்நாள் நிலைக்கு மாறாக, துண்டறிக்கை, இதழ், கடிதம் எனச் சமூகத்தினர் தாமே உண்டாக்கியவற்றை அது சேர்க்கிறது.