புகார் செய்ய வேண்டிய அதிகாரி: நான்தான்!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. மார்ச் முடிவு, ஆடிட், அப்புறம் தங்கமணி ஊருக்குப் போனதால் சமையல் வேறு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசம் முதல் சனிக்கிழமை. எங்களுக்கு வேலை நாள், மகளுக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் தனியாக விட மனசில்லாமல் கிளைக்கே கூட்டிப் போனேன். போபாலிலேயே வளர்ந்தவள், தமிழைவிட ஹிந்திதான் வேகமாகப் படிப்பாள். உள்ளே நுழைந்ததுமே சுவரைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பா, நீங்க சிகரெட் குடிப்பீங்களா? அந்த போர்டுல எதுக்கு உங்க பேர் போட்டிருக்கு?"

நீங்களும் பார்த்திருப்பீர்கள். 60 சென்டிமீட்டருக்கு 30, வெள்ளைப் பின்னணி, 'இங்கே புகைப்பது குற்றம்'. அதன் கீழே யாரிடம் புகார் செய்யலாம் என்று ஒரு பெயர் இருக்கும். எங்கள் கிளையில் அது மேனேஜர், அதாவது அடியேன். எனக்கு முன்னால் இருந்தவரின் பெயர்மேல் என் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் அவருடைய இனிஷியல் இன்னும் எட்டிப் பார்க்கிறது.

அவளுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் எனக்குள் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

2006. உத்தரப் பிரதேசத்தின் கிழக்கே ஒரு சின்ன ஊர்க் கிளை. நான் அதிகாரியாகச் சேர்ந்து இரண்டு வருஷம். கேஷ் கேபின் என்பது மரமும் கம்பி வலையுமாக ஒரு கூண்டு. நோட்டு பறக்கும் என்று மின்விசிறியைக்கூடச் சரியாகப் போட முடியாது. அதற்குள் மூன்று பேர். ஹெட் கேஷியரை எல்லோரும் 'படே பாபு' என்பார்கள். நல்ல மனுஷர். எனக்கு ஹிந்தி கற்றுக் கொடுத்தவர், மெஸ் மூடிய நாளில் வீட்டுக்குக் கூப்பிட்டு லிட்டி போட்டவர். ஆனால் கட்டு பிரித்துக் கட்டு முடிக்கும்வரை வாயில் பீடி. (எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். பீடி சுற்றாத வீடு குறைச்சல். எனவே அந்த வாசனை எனக்கு ஊர் வாசனை மாதிரி, அப்போது பெரிதாக உறைக்கவில்லை.)

அதே கூண்டில் ஒரு பெண் கேஷியர், ஐந்து மாத கர்ப்பம். ஒருநாள் மதியம் என்னிடம் வந்து, "சார், நான் சொன்னா தப்பா எடுத்துப்பார், நீங்க சொல்லுங்களேன்" என்றார். நானும் போய்ச் சிரித்த முகத்தோடு சட்டம் பேசினேன். படே பாபு கேபின் கதவைக் காட்டினார். 'பிரவேஷ் நிஷேத்', அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது. "சட்டம் பப்ளிக் வர்ற இடம்னுதானே சொல்லுது? இங்க எந்தப் பப்ளிக் வருது?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே சம்பளமில்லா விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது வேறு கிளை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? படே பாபு சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதைப் பின்னாளில் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தபோதுதான் கண்டுகொண்டேன்.

நம் நாட்டில் இந்தக் கதை பயணிக்காகவும் நோயாளிக்காகவும் ஆரம்பித்தது, வேலை செய்கிறவனுக்காக அல்ல. டெல்லி அரசு 1996-ல் ஒரு சட்டம் போட்டது. 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த அமர்வில் இருந்தவர் நம் தேவகோட்டைக்காரர், நீதியரசர் ஏ.ஆர். லட்சுமணன். பின்னாளில் முல்லைப் பெரியாறு குழுவில் தமிழகத்தின் சார்பில் இருந்தாரே, அவரேதான். 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே காற்றைக் கெடுப்பது குற்றம் என்று 278-வது பிரிவு இருந்தது. அபராதம் 500 ரூபாய். சட்டம் இருந்தது, எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அடுத்து 2001 நவம்பர் 2. மும்பை அரசியல்வாதி முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் தடை போட்டது. எங்கெங்கே? அரங்கம், மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், பொது அலுவலகம், ரயில் உட்பட பொது வாகனங்கள். 2003-ல் நாடாளுமன்றம் புகையிலைச் சட்டம் கொண்டுவந்தது. புகைத் தடை 2004 மே 1 முதல் அமல், அபராதம் 200 ரூபாய் வரை. அதில் பொது இடம் என்பதற்கு விளக்கம்: 'பொதுமக்கள் வந்து போகும்' இடம். படே பாபு பிடித்துக்கொண்டது இந்த வார்த்தையைத்தான். பத்து நிமிஷம் வந்து பணம் கட்டிவிட்டுப் போகிற வாடிக்கையாளர் பொதுமக்கள். எட்டு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கிற கேஷியர் என்ன கணக்கு?

வெளிநாட்டில் இந்தக் கேள்வியை முன்னாலேயே கேட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் டோனா ஷிம்ப் என்று ஒரு பெண்மணி, டெலிபோன் கம்பெனி ஊழியர், சிகரெட் புகையே ஆகாதவர். 1976-ல் தன் கம்பெனிமேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தார். நீதிபதி எடுத்துக்காட்டிய விஷயம் பிரமாதம். டெலிபோன் இயந்திரங்கள் பழுதாகும் என்று அவற்றின் பக்கத்தில் புகைக்கக் கம்பெனியே ஏற்கெனவே தடை போட்டிருந்தது! இயந்திரத்துக்குக் காட்டும் அக்கறையை மனுஷருக்கும் காட்டக்கூடாதா என்றார்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கிளையில் அப்போதுதான் கோர் பேங்கிங் வந்திருந்தது. சர்வர் அறைக்கு ஏசி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகணும், கதவில் 'புகை பிடிக்காதீர்'. படே பாபுகூட அந்தக் கதவுப் பக்கம் போனால் பீடியை அணைத்துவிடுவார். நாலடி தள்ளி கேஷ் கேபின்.

அடுத்தவர் புகை ஆகாது என்பதற்கு ஆதாரம் 1981-லேயே ஜப்பானிலிருந்து வந்தது. ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருஷம் கணக்கெடுத்தார். கணவர் எவ்வளவுக்கெவ்வளவு ஊதினாரோ, அவ்வளவுக்கவ்வளவு மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம். சிகரெட் கம்பெனிகள் வரிந்து கட்டிக்கொண்டு மறுத்தன, அது தனிக்கதை. அயர்லாந்து 2004 மார்ச் 29-ல் மதுக்கடை உட்பட எல்லா வேலையிடங்களிலும் புகையைத் தடை செய்தது. 'குடிக்க வருகிறவர் விருப்பம்' என்று வாதம் வந்தபோது, ஊற்றிக் கொடுக்கிறவருக்கு என்ன விருப்பம் இருக்கிறது என்பதுதான் பதில்.

நமக்கு அந்த வார்த்தை 2008-ல் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது போட்ட புதிய விதிகள், பொது இடம் என்ற விளக்கத்தில் 'பணியிடங்கள்' என்பதையும் சேர்த்தன. ஒரே ஒரு சொல். படே பாபுவின் கதவு வாதம் அதோடு காலி. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 29 அன்று தடை தர மறுத்தது, அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று அமலுக்கு வந்தது. (அவர் கட்சியைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். எனக்கும் உண்டு. ஆனால் இந்த ஒன்றுக்கு என் ஓட்டு அவருக்கே.) பெரிய ஹோட்டல்களில் புகைக்கத் தனி அறை மட்டும் தப்பித்தது. அந்த அறைக்குள் போய்ப் பரிமாறக் கூடாது என்று வெயிட்டரைக் காப்பாற்ற 2017 ஆகிவிட்டது.

சட்டம் வந்தாச்சு, சுபம் போட்டுவிடலாம் என்று நினைத்தால், கணக்கு உதைக்கிறது. அரசின் புகையிலைக் கணக்கெடுப்பு இரண்டு முறை நடந்தது. 2009-10-ல் புகைப்பவர்கள் 14 சதவீதம், 2016-17-ல் 10.7. வீட்டில் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவர்கள் 52-லிருந்து 39 சதவீதத்துக்கு இறங்கினார்கள். நாலு சுவருக்குள் வேலை பார்ப்பவர்களில், வேலையிடத்தில் சுவாசிப்பவர்கள்? 2009-10-லும் 30, 2016-17-லும் 30. வீட்டில் மனைவியும் பிள்ளையும் சண்டை போட்டுச் சாதித்ததை, போர்டு மாட்டி ஆபீசில் சாதிக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனபின் பழைய லெட்ஜர் அறையைத் திறந்து பார்த்தேன். அலமாரி மறைவில் ஒரு டீ சாஸர். எண்ணினேன், காமர்ஸ் படித்த புத்தி. பதினோரு துண்டு. புகார் வந்தும் மேனேஜர் கண்டுகொள்ளாவிட்டால், குற்றத்துக்கு ஒன்றாக அபராதம் அவர் தலையில். 2200 ரூபாய்.

யாருடையது என்று தெரியும். எங்கள் கன்மேன், முன்னாள் ராணுவத்தார், தினமும் சல்யூட் வைக்கிறவர். அந்த அறையில் இப்போது ஒரு ஒப்பந்தப் பையன் உட்கார்ந்து ஆவணங்களை ஸ்கேன் செய்கிறான். அவன் இதுவரை என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை.

திங்கள் காலை கன்மேனைக் கூப்பிட்டு சாஸரைக் காட்டினேன். கொஞ்சம் நெளிந்தார். அப்புறம், "சாப், அங்க பப்ளிக் யாரும் வர்றதில்லையே" என்றார்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை. இப்போது அவர் ஜெனரேட்டர் ஷெட்டைத் தாண்டி வேப்பமரத்தடியில் போய்ப் பிடிக்கிறார். சல்யூட் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.